இரண்டு கிழக்குக் கரைகள்

1987ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி கொழும்பிலே இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். ஒன்பது நாட்கள் கழித்து, ஓகஸ்ட் 7ஆம் திகதி, குவாத்தமாலா நகரிலே மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தின் ஜனாதிபதிகள் வேறோர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். முன்னதைப் பற்றி ஈழத்துத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை. பின்னது எஸ்கிப்புலாஸ் உடன்படிக்கை என வழங்குவது. போர் நிறுத்தம், பொதுமன்னிப்பு, சுதந்திரமான தேர்தல், அயல்நாட்டு ஆயுதக் குழுக்களுக்குத் தன் மண்ணில் இடங்கொடாமை ஆகியன அதன் உள்ளடக்கம். அதற்கு வழிகோலிய கொஸ்தாரிக்கா ஜனாதிபதி ஒஸ்கார் அரியாஸ் அவ்வாண்டின் சமாதான நோபல் பரிசைப் பெற்றார்.

இரு நிகழ்ச்சிகளும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் அவற்றைத் தொடர்ந்து வந்தவை அவ்வாறு எளிதிற் புறந்தள்ளத்தக்கன அல்ல. ஐவருள் ஒருவரான நிக்கராகுவா ஜனாதிபதி டானியல் ஒர்ட்டேகாவின் அரசாங்கம் அதே ஆண்டு செப்ரெம்பரில் தன் நாட்டின் கிழக்குக் கரைக்கு ஒரு சுயாட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கைப் பாராளுமன்றம் நவம்பரில் அரசியலமைப்புக்கான பதின்மூன்றாவது திருத்தத்தையும் மாகாணசபைகள் சட்டத்தையும் நிறைவேற்றியது. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே அளவிலான நிலப்பரப்பை உடையவை அல்ல. நிக்கராகுவா இலங்கையின் இருமடங்கு. மக்கள் தொகையோ இலங்கையின் மூன்றிலொரு பங்குதான். எனினும், தலைநகரம் மேற்கே இருக்க, மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட மக்கள் கிழக்கே கடலோரம் வாழ, நடுவண் அரசு அவர்களோடு போரிட்டுக் களைத்தபின் ஒரு சபையை அமைத்துக்கொடுக்க முன்வந்தமை இரண்டுக்கும் பொது. அச்சபைகளின் கதையைச் சாம்பல்தீவில் நின்று நோக்கினால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நின்று நோக்குவோருக்குப் புலப்படாத ஒன்று புலப்படும்.

சாம்பல்தீவு திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி நோக்கிச் செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்ததும் வருவது. நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவு. பெயரிலே தீவு இருப்பினும் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரையோர ஊரே அது. அருகே சல்லி என்னும் மீனவர் கிராமம். திருகோணமலையிலிருந்து அங்கு போகிறவர் உப்புவெளியிலே, வீதியோரமாக, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த பொதுநலவாயப் படையினரின் மயானத்தைக் காண்பார். வரிசை பிசகாத கல்லறைகள். இத்துறைமுகம் எத்தனை தூரத்து மனிதருக்குத் தேவைப்பட்டது என்பதை அவ்வரிசைகள் சொல்லும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என அதற்காக மோதியோர் பட்டியல் பாடசாலைச் சரித்திர நூலிலேயே உண்டு. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இத்துறைமுகத்தின்மீதே. 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர்.

ஒப்படைத்த பின்னும் துறைமுகத்தின்மீதிருந்த கண்கள் அகலவில்லை. 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். திருகோணமலையையோ வேறெந்தத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்கு அளிப்பதில்லை என்பதும், திருகோணமலை எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இரு நாடுகளும் கூட்டாக மேற்கொள்ளும் என்பதும் அக்கடிதங்களில் அடங்கும். ஒப்பந்தத்தின் உடலிலோ வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக இணைக்கப்படும் என்றும், கிழக்கு மக்கள் அவ்விணைப்பைத் தொடர விரும்புகின்றனரா என்பதை அறிய 1988 டிசெம்பர் 31ஆம் திகதிக்கு முன் வாக்கெடுப்பு நடைபெறும் என்றும், ஜனாதிபதி விரும்பின் அதனை ஒத்திவைக்கலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. துறைமுகம் பற்றிய வாசகத்தில் தற்காலிகம் என்ற சொல் இல்லை. மக்கள் பற்றிய வாசகத்தில் அது இருந்தது. வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டு, ஒருபோதும் நடைபெறாமலே போயிற்று.

1968இல் சாம்பல்தீவிற் பிறந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெயர் வேண்டியதில்லை. தொண்டர் ஆசிரியையாகச் சில காலம் படிப்பித்து, நியமனத்துக்காக அலைந்து, பின்னர் நியமனம் பெற்ற பலருள் ஒருத்தி என வைத்துக்கொண்டாற் போதும். அவளுக்கு இருபது வயதாக இருக்கும்போது, 1988 நவம்பர் 19ஆம் திகதி, இணைந்த வடக்குக் கிழக்கு மாகாணசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. வடக்கில் ஆசனங்கள் போட்டியின்றியே நிரம்பின. வாக்குச்சீட்டைக் கண்டது கிழக்கு மட்டுமே. டிசெம்பரில் அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார், திருகோணமலை தலைநகராயிற்று. சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரைமணிக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஓர் அரசாங்கம். அமைதிப் படை என்ற பெயரோடு வந்த இந்தியப் படை இல்லாவிடின் அந்த அரசாங்கம் ஒரு நாளும் நிலைத்திராது என்பதும், காரியாலயம், வாகனம், உத்தியோகத்தர், நிதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது கொழும்போடு போராட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. பலவந்தமான ஆட்சேர்ப்பினால் மக்களிடம் அது இழந்த நம்பிக்கையும் சிறிதன்று. 1990 மார்ச் 1ஆம் திகதி தனிநாட்டுப் பிரகடனம் தொடர்பான பிரேரணையை முதலமைச்சர் சபையில் முன்வைத்தார். 24ஆம் திகதி இந்தியப் படையின் கடைசித் தொகுதி திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. சபை அத்தோடு முடிந்தது. மாகாணம் முடியவில்லை: ஆளுநரும் பிரதம செயலாளரும் திணைக்களங்களும் திருகோணமலையிலேயே இருந்தனர். அடுத்த ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் வடக்கையும் கிழக்கையும் சேர்த்து அவர்களே நிருவகித்தனர்.

இனி மற்றக் கரை. நிக்கராகுவாவின் கிழக்குப் பாகத்தை அந்நாட்டவர் அத்திலாந்திக் கரை என்பர். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பாதி, மக்களில் மிகச் சிறிய பங்கு. மேற்குப் பாகத்தை ஆண்டவர் ஸ்பானியர். அவர்களது மொழியும் கத்தோலிக்க சமயமும் அங்கே வேரூன்றின. கிழக்கிலோ மிஸ்கிற்றோ மக்களின் அரசொன்றைப் பிரித்தானியர் தம் பாதுகாப்பில் வைத்திருந்தனர். மொறாவியன் திருச்சபை பரவியது. ஆபிரிக்க வழியினரான கிறியோல் மக்கள் ஆங்கிலம் பேசினர். 1894இல் நிக்கராகுவாப் படை புளூபீல்ட்ஸ் நகரத்துட் புகுந்து அக்கரையை நாட்டோடு சேர்த்துக்கொண்டது. மனாகுவாவில் அதனை மீளிணைப்பு என்று பாடநூல்கள் கொண்டாடின; கரையில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. 1979 யூலையில் சன்டினிஸ்ரா புரட்சி வென்றபோது, ஏழைகளுக்கு நிலமும் எழுத்தறிவும் கொண்டுவந்த அவ்வரசு கரையோர மக்களின் மனத்தை மட்டும் அறியாதிருந்தது. எழுத்தறிவு இயக்கம் ஸ்பானிய மொழியில் வந்து நின்றதே முதற் பிணக்கு. அமெரிக்கா ஆயுதமளித்த கொன்ராப் படைகள் எல்லையில் நடமாட, 1981, 1982 ஆண்டுகளில் கொக்கோ ஆற்றங்கரை மிஸ்கிற்றோக் கிராமங்கள் அரசினால் வெறுமையாக்கப்பட்டன. பல ஆயிரம் பேர் உள்நாட்டுக் குடியேற்றங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிஸ்கிற்றோ இளைஞர் ஆயுதம் ஏந்தினர். இவ்வளவையும் வாசிக்கும் திருகோணமலைத் தமிழருக்கு ஊர்ப்பெயர்களை மாற்றிக்கொள்வது ஒன்றுதான் வேலை.

ஆனால் வேறுபாடு சட்டத்திலே தொடங்குகிறது. நிக்கராகுவாச் சட்டம் கரையை வடக்கு, தெற்கு என இரு சுயாட்சிப் பிரதேசங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்படும் 45 உறுப்பினர் கொண்ட சபையை ஏற்படுத்தியது. மிஸ்கிற்றோ, மாயங்னா, றாமா, கிறியோல், கரிபுனா, மேற்கிலிருந்து குடியேறிய மெஸ்ரிசோ ஆகிய அனைவரும் சபையில் இடம்பெறவேண்டும் என்று அது கூறியது. சபையின் நிர்வாகக் குழுவில் அப்பிரதேசத்தின் ஒவ்வோர் இனத்துக்கும் ஓரிடம் வேண்டும் என்றும் விதித்தது. பதின்மூன்றாவது திருத்தத்தில் அத்தகைய சொல் ஒன்றுகூட இல்லை. கிழக்கு மாகாணத்தில் எவரும் பெரும்பான்மையினர் அல்லர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தமிழர் நூற்றுக்கு 40 அளவிலும், முஸ்லிம்கள் 37 அளவிலும், சிங்களவர் 23 அளவிலும் உள்ளனர். ஒப்பந்தத்தைச் செய்தவர்களோ டில்லியும் கொழும்பும். முஸ்லிம்கள் அதில் எக்கட்சியாகவும் சேர்க்கப்படவில்லை. தமது மாகாணம் வடக்கோடு இணைக்கப்பட்டதை அவர்கள் செய்தியாகவே அறிந்தனர். இதனைத் தமிழ் அரசியல் இலக்கியம் உரிய அளவுக்கு எழுதிவைக்கவில்லை.

1990 பெப்ரவரி 25ஆம் திகதி நிக்கராகுவாவில் பொதுத் தேர்தலும் கரையோரச் சபைகளுக்கான முதலாவது தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. ஒர்ட்டேகா தோற்றார், வியொலெற்றா சமோறோ வென்றார், ஆயுதத்தால் வந்த அரசு வாக்கினால் இறங்கியது. திருகோணமலையில் ஒரு சபை முடிந்துகொண்டிருந்த அதே வாரங்களில் பில்வியிலும் புளூபீல்ட்ஸிலும் இரு சபைகள் பிறந்தன. பிறந்தவை உடனே நடந்துவிடவில்லை. சுயாட்சிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை, அதாவது பதினாறு ஆண்டுகள், காத்திருக்கவேண்டியிருந்தது. இடையில் மனாகுவா அரசு காட்டு மரங்களை வெட்டக் கொரியக் கம்பனி ஒன்றுக்கு அனுமதியளிக்க, ஆவாஸ் திங்னி என்னும் ஒரு மாயங்னாச் சிற்றூர் அதனை எதிர்த்து அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றது. 2001 ஓகஸ்ட் 31ஆம் திகதி அவ்வூர் வென்றது. பழங்குடியினரின் கூட்டு நில உரிமையை ஒரு சர்வதேச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அத்தீர்ப்பு உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. சாம்பல்தீவை ஒத்த அளவுடைய ஓரூர் செய்த வேலை அது.

இலங்கையில் நீதிமன்றம் வேறு திசையில் இயங்கியது. 1988 செப்ரெம்பரில் ஜனாதிபதி அவசரகால விதிகளைக் கொண்டு செய்த இணைப்புப் பிரகடனம் செல்லாது என 2006 ஒக்ரோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுதக் களைவு நிறைவேறியிருக்கவேண்டும் எனச் சட்டம் விதித்த நிபந்தனையை அவசரகால விதியால் மாற்ற முடியாது என்பது காரணம். 2007 ஜனவரி 1ஆம் திகதி கிழக்கு தனி மாகாணமாயிற்று. இணைப்பு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தமிழரிற் பலர் நினைத்துக்கொண்டிருப்பது பிழை. அடுத்தடுத்துள்ள மாகாணங்களை இணைக்கப் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்ற உறுப்புரை அப்படியே இருக்கிறது. அச்சட்டத்தை இயற்றுவதற்குக் கிழக்கு முஸ்லிம்களின் ஒப்புதலை எவ்வாறு பெறுவது என்ற கேள்விதான் எவராலும் நேராகக் கேட்கப்படுவதில்லை.

2008 மே 10ஆம் திகதி கிழக்கு மாகாணசபையின் முதலாவது தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதனைப் புறக்கணித்தது. ஆயுதம் தாங்கியோர் வீதிகளில் இருந்தனர். வென்ற அணியின் சார்பில் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். சாம்பல்தீவுப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது. இடையிலே போர் அவளது கரையைப் பலமுறை வெறுமையாக்கியிருந்தது; 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடலும் வந்து போயிருந்தது. இருபது ஆண்டுகளின் பின் அவள் இரண்டாம் முறையாக மாகாணத்துக்கு வாக்களிக்கலாம். அல்லது கூட்டமைப்பின் சொற்கேட்டு வீட்டிலிருக்கலாம்.

மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு 2012 செப்ரெம்பர் 8ஆம் திகதி வந்தது. அத்தேர்தலின் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மொத்தம் 37 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14. இலங்கைத் தமிழரசுக் கட்சி 11. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 7. ஐக்கிய தேசியக் கட்சி 4. தேசிய சுதந்திர முன்னணி 1. ஆளுவதற்கு 19 வேண்டும். தமிழரும் முஸ்லிம் காங்கிரசும் சேர்ந்தால் 18. ஐக்கிய தேசியக் கட்சியும் வந்தால் 22. முஸ்லிம் காங்கிரஸ் மறுபக்கம் போனால் அங்கும் 22. இரா. சம்பந்தன் முதலமைச்சர் பதவியையே முஸ்லிம் காங்கிரசுக்கு விட்டுத்தர முன்வந்தார். அக்கட்சி கொழும்பு அரசாங்கத்தோடு போயிற்று, நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சரானார். தமிழரிடையே எழுந்த கசப்பு நியாயமானதே. ஆயினும் கசந்தவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. திருகோணமலையில் அதிகாரம் யாருக்கு என்பது, நாட்டின் வேறெந்த மூலையிலும் இல்லாதவாறு, மூவின மக்களின் பிரதிநிதிகளும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துப் பேரம் பேசித் தீர்க்கும் விடயமாக ஆகியிருந்தது. பேரம் என்ற சொல்லுக்கு இழிவு கற்பிக்கத் தேவையில்லை. பேரம் பேசுகிறவன் எதிரில் இருப்பவன் உண்டென்பதை ஒப்புக்கொண்டவன்.

2015இல் கொழும்பில் ஆட்சி மாற, திருகோணமலையிலும் பேரம் மறுபடி தொடங்கியது. பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரசின் நசீர் அஹமட் முதலமைச்சரானார். பதினொருவர் இருக்க எழுவருடைய கட்சிக்குப் பதவியா எனத் தமிழர் தரப்பு முரண்டிற்று. பின்னர் இரண்டு அமைச்சுகளை ஏற்றது. கல்வி சி. தண்டாயுதபாணிக்கும், விவசாயம் கி. துரைராசசிங்கத்துக்கும் கிடைத்தன. வீதி அபிவிருத்தி சிங்கள உறுப்பினர் ஒருவரிடம் இருந்தது. சாம்பல்தீவிலுள்ள மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் போதாவிடின் முறையிடத் தமிழ் அமைச்சர் ஒருவர். வைத்தியசாலைக்கும் வீதிக்கும் முஸ்லிம், சிங்கள அமைச்சர்கள். அவர்களுக்கும் சாம்பல்தீவின் வாக்கு வேண்டியதில்லையாயினும் சபையிலே தமிழ் உறுப்பினரின் கை வேண்டும். அத்தேவை சிறிதாயினும் நடைமுறையில் அதன் பலன் பெரிது.

சபையின் அதிகாரம் எவ்வளவு சுருங்கியதென்பதை மறைக்கவும் வேண்டாம். காணியும் பொலிசும் பட்டியலில் எழுதப்பட்டதோடு சரி. நிறைவேற்றதிகாரம் ஆளுநரிடத்தது, நிதி நியதிச்சட்டம் ஒன்றை முன்வைக்கவும் அவருடைய விதப்புரை வேண்டும். 2016 மே மாதம் சம்பூர் மகா வித்தியாலயத்தில் நடந்த வைபவமொன்றில், ஆளுநரும் அமெரிக்கத் தூதுவரும் மேடையில் நிற்க, தம்மைத் தடுத்தார் என முதலமைச்சர் கடற்படை உத்தியோகத்தர் ஒருவரைச் சபையறிய ஏசினார். முப்படையினர் அவர் பங்குபற்றும் நிகழ்வுகளைப் புறக்கணிக்கத் தீர்மானித்தனர். ஏசியது அழகன்று. ஆனால் ஒரு மாகாணத்தின் பாடசாலையில், அம்மாகாணத்தின் முதலமைச்சர் மேடையேறுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வி ஏச்சோடு கரைந்துவிட்டது.

அச்சபையின் காலம் 2017 செப்ரெம்பர் 30ஆம் திகதி முடிவடைந்தது. பத்து நாட்களுக்கு முன், செப்ரெம்பர் 20ஆம் திகதி, பாராளுமன்றம் மாகாணசபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தியிருந்தது. பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டவென வந்த சட்டமூலம் குழுநிலையில் உருமாறி, பாதி தொகுதிமுறை, பாதி விகிதாசாரம் என்ற புதுமுறையாகி வெளிவந்தது. தொகுதிகள் வேண்டுமெனின் எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயக் குழுவில் பேராதனைப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாவும் ஓர் உறுப்பினர். முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் குறையும் என அவர் மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்தார். அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அதனைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக்கெனப் பிரதமர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை வரவில்லை. பழைய முறை நீக்கப்பட்டாயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லை. எவரையும் கைதுசெய்யாமல், எக்கட்சியையும் தடைசெய்யாமல், ஒரு மாகாணத்தின் வாக்குரிமையைக் காலவரையறையின்றி நிறுத்திவைக்க இதனினும் நயமான வழியை எச்சர்வாதியும் கண்டுபிடித்ததில்லை.

அதன்பின் 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் கிழக்குக்கு ஆறு ஆளுநர்கள். அவர்களுள் திறமையானவரும் இருந்தனர். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூவினத்தவரும் இருந்தனர். ஆகவே குறை ஆட்களில் இல்லை. 2019 யூன் மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்துக் கண்டியில் ஒரு பிக்கு உண்ணாவிரதமிருக்க, ஆளுநர் ஹிஸ்புல்லா பதவி விலகினார். 2020 யூனில் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி ஒரு செயலணியை நியமித்தார். பாதுகாப்புச் செயலாளர் தலைமை. மக்களில் முக்காற்பங்கினர் தமிழ் பேசும் மாகாணத்துக்கான அச்செயலணியில் நியமனத்தின்போது தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. 2023இல் சாம்பல்தீவுக்கு அண்மையில், நிலாவெளி வீதியை அடுத்த இலுப்பைக்குளத்தில், விகாரை ஒன்றின் நிர்மாணம் தொடர்பாகப் பிணக்கு எழுந்தது. ஆளுநர் செந்தில் தொண்டமான் வேலையை நிறுத்தப் பணித்தார். பிக்குமார் அவருக்கெதிராகத் திரண்டனர். இம்மூன்றும் சபையிருந்தாற் சுமுகமாகத் தீர்ந்திருக்கும் என்பதற்கில்லை. ஆனால் விகாரையை வேண்டுவோரின் பிரதிநிதியும் வேண்டாதோரின் பிரதிநிதியும் எழுந்து பேச ஓர் அவை இருந்திருக்கும். அவை இல்லாதபோது பிணக்கு ஒரு மனிதரின் மேசைக்குப் போகிறது. மேசையிலிருந்து வீதிக்கு வருகிறது. பிரதேச சபையும் 2023 மார்ச்சிற் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல்வரை அதற்கும் உறுப்பினர் இல்லாதிருந்தமையால், அவ்விரண்டு ஆண்டுகளில் சாம்பல்தீவுக்கு உள்ளூரில் வாக்கினால் வந்தவர் எவருமே இல்லை.

நிக்கராகுவாக் கரை இதற்கு நேர்மாறான வழியில் அதே இடத்தை வந்தடைந்துள்ளது. அங்கே சபைத் தேர்தல்கள் நின்றதில்லை. 2007இல் மீண்டும் ஆட்சியேறிய ஒர்ட்டேகா அதன்பின் இறங்கவில்லை. 2013 யூனில் நாட்டைக் குறுக்கறுத்து ஒரு கால்வாய் வெட்டும் உரிமையைச் சீன வணிகர் ஒருவரின் கம்பனிக்கு அளித்துச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கால்வாயின் பாதை றாமா, கிறியோல் மக்களின் நிலத்தூடு சென்றது. ஓர் அடியும் வெட்டப்படாமலே அவ்வுரிமை 2024 மே மாதம் நீக்கப்பட்டது. 2023 செப்ரெம்பரில், 1980களில் ஆயுதமேந்திப் பின் சபைக்கு வந்த மிஸ்கிற்றோத் தலைவர் புறூக்ளின் றிவேரா கைதுசெய்யப்பட்டார். சில நாட்களில் அவரது யாத்தாமாக் கட்சியின் பதிவு நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில் கரையோரச் சபைகளுக்குத் தேர்தல் குறித்தபடி நடந்தது. ஆளுங்கட்சிக்கு எதிராக நின்று வெல்லத்தக்கவர் எவரும் சீட்டில் இல்லை. அங்கே தேர்தல் எஞ்சியிருக்கக் கட்சி போயிற்று. கிழக்கு மாகாணத்திலோ கட்சிகள் எஞ்சியிருக்கின்றன.

எஞ்சியிருக்கும் கட்சிகள் என்ன செய்தன என்பது பதிவில் உள்ளது. பழைய விகிதாசார முறைப்படியே தேர்தலை நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலத்தை எம். ஏ. சுமந்திரன் முன்வைத்தார். சாதாரண பெரும்பான்மையே போதுமான அச்சட்டமூலம் நிறைவேறாதிருக்க, 2024 செப்ரெம்பர் 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், யூன் 30ஆம் திகதி, 1977இல் திருகோணமலையின் பிரதிநிதியாக முதன்முதலிற் சென்ற சம்பந்தன் காலமானார். 2012இல் அவர் பதவியை விட்டுத்தர முன்வந்ததுபோல ஒரு முயற்சி, தேர்தல் வருவதற்கு முன்னரே, கிழக்குத் தமிழ்க் கட்சிகளிடமிருந்து முஸ்லிம் கட்சிகளை நோக்கி மறுபடி வரவேண்டும். இணைப்புப் பற்றிய பேச்சையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும். யாழ்ப்பாணத்திற் தீர்மானித்துத் திருகோணமலைக்கு அறிவிப்பதாக இராமல். 1988 டிசெம்பர் முதல் 2024 டிசெம்பர் வரையான முப்பத்தாறு ஆண்டுகளில் கிழக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபை இருந்த காலம் பத்தாண்டுகளுக்குச் சற்று மேல். சாம்பல்தீவுப் பெண் மூன்று முறை வாக்குச்சாவடியை அடைந்தாள். 2012 செப்ரெம்பரின் பின் பதினெட்டு வயதை எட்டிய அவளது மகளும், அம்மகளோடு பல்கலைக்கழகத்திற் பயின்றோரும் 2024 முடியும்வரை ஒரு முறையேனும் அடையவில்லை. எண்ணெய்க் குதங்களின் கணக்கோ இதற்கிடையிற் தீர்ந்துவிட்டது: 2022 ஜனவரியிற் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி 99இல் 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு.